கடந்த முப்பது நாட்களில்

"கடந்த முப்பது நாள்ல வீட்டுக்கு எவ்வளவு அரிசி ஆச்சுக்கா?"

அந்த அக்கா பீடித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "எந்த முப்பது நாளு?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சீசன் நாளா, சும்மா நாளா? எதக் கேக்கீயன்னு சொன்னா அதுக்குத் தக்கன சொல்லுதேன்."

2024 ஆகஸ்ட். காசிமேஜர்புரம் பக்கம், அருவிக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெரு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஓட்டு வீட்டுத் திண்ணையில் நானும், என் மடியில் ஒரு டேப்லெட்டும், எதிரே பீடி இலையை வெட்டிக்கொண்டு அக்காவும். ஓர் ஆய்வுக்காக ஒப்பந்தத்தில் சில மாதங்கள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை பார்த்தேன். யாருக்காக என்பது இங்கே வேண்டாம். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வினாத்தாளை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகவேண்டும். முதல் மாதம் சாப்பாட்டுச் செலவு. இரண்டாம் மாதம் சோப்பு, பஸ், கரண்டு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். மூன்றாம் மாதம் மிக்ஸி, கட்டில், செல்போன் என்று நின்று நிலைக்கும் சாமான்கள். இந்தியாவில் எத்தனை ஏழைகள் என்று யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதன் வேர் இப்படி ஒரு திண்ணையில்தான் கிடக்கிறது. இது எனக்கு அந்த வேலைக்குப் போகும்வரை தெரியாது. டெல்லியில் ஏதோ பெரிய கணக்குப் போட்டு எடுப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அக்காவின் கேள்வி சாதாரணமானது இல்லை. அவர் வீட்டுக்காரர் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை கை நிறையக் காசு. அதிலும் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை போட்டால் அன்றைக்கு ஒன்றும் கிடையாது. பிறகு கார்த்திகை பிறந்து ஐயப்ப சாமிமார் வரும்வரை சும்மா. அதுவும் முடிந்தால் மறுபடி அடுத்த ஆனி வரைக்கும் கொத்த வேலை, மாங்காய் பறிக்கிற வேலை என்று கிடைத்ததைப் பார்ப்பார். அக்கா வருஷம் பூரா பீடி சுற்றுகிறார். சீசனில் மட்டும் காலையில் ஒரு லாட்ஜில் ரூம் கூட்டப் போவார். ஆகஸ்டில் கேட்டால் அந்த வீட்டில் வாரம் இரண்டு தடவை மீன். மார்ச்சில் கேட்டால் ரசமும் துவையலும். இரண்டும் உண்மை.

தேசியக் கணக்கெடுப்பு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. எல்லா வீட்டையும் ஒரே மாதத்தில் கேட்பதில்லை. வருஷம் முழுக்கப் பரப்பிக் கேட்கிறார்கள். 2022 ஆகஸ்டில் தொடங்கி 2023 ஜூலை வரை நடந்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் 2,61,746 வீடுகள். சிலருக்கு ஆடி, சிலருக்குப் பங்குனி. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஏற்ற இறக்கம் சமன்பட்டுவிடும். சராசரிக்கு இது சரிதான். ஆனால் ஆடியில் கேட்கப்பட்ட வீடு வசதியான வீடாகவும், பங்குனியில் கேட்கப்பட்ட அதன் பக்கத்து வீடு பரம ஏழையாகவும் பதிவாகும். குற்றாலத்தில் ஒரே தெருவில் அப்படி ஒரு ஏற்றத்தாழ்வு கிடையாது. மாதங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதைத்தான் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் கணிதமாக்கினார் என்று சொல்லலாம். கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர், 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். சுதந்திரம் அடைந்து மூன்றே வருஷம் ஆன, பணமில்லாத நாடு ஒன்று 1950இல் இத்தனை பெரிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கியது அன்றைக்கு உலகமே திரும்பிப் பார்த்த காரியம். அதற்கும் முன்பே நம் பக்கத்தில் ஒரு தொடக்கம் இருந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி யார் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு கடன் என்று எழுதிவரச் சொன்னார். 1918இல் புத்தகமாக வந்தது. அதில் திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள கங்கைகொண்டானும் உண்டு. 1937இல் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களைத் திரும்பவும் எடுக்க வைத்தார்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் பலர் தங்களுக்குத் தெரிந்த ஊருக்கே போனவர்கள் என்று படித்தபோது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். நானும் அப்படித்தான். எனக்குத் தென்காசி. நான் கேள்வி கேட்ட பாதித் தெருக்களில் என் அம்மாவோடு பீடிக்கடைக்கு நடந்திருக்கிறேன்.

அம்மா பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது எங்கள் வீட்டுக்கும் ஒருவர் ஒரு பெரிய தாளோடு வந்தார். அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள். மாதம் எவ்வளவு பருப்பு என்று அவர் கேட்டதற்கு, "நாலு கிலோ" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் ஒரு கிலோ வாங்கினால் அது அடுத்த மாதமும் வரும். அவர் போனபிறகு, "ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன். "பின்ன, இல்லாதப்பட்டவன்னு எழுதிட்டுப் போகவா?" என்றாள்.

இருபது வருஷம் கழித்து நான் அதே கேள்வியோடு போனபோது பொய் எதிர்த்திசைக்கு மாறியிருந்தது. இப்போது யாரும் கூட்டிச் சொல்வதில்லை. குறைத்துச் சொல்கிறார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்தது. வருமானம் இரண்டரை லட்சத்துக்கு மேல் இருக்கக்கூடாது, வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் கரண்டு போகக்கூடாது என்று விதிகள். தெருவுக்கு நாலு பேருக்கு விண்ணப்பம் தள்ளுபடி ஆகியிருந்தது. அதற்குப் பிறகு கையில் டேப்லெட்டோடு வருகிற எவரும் ஆயிரம் ரூபாயை நிறுத்த வந்தவர்தான். "இது அதுக்கு இல்லக்கா, இதுல பேரே வெளிய போவாது" என்று நான் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. ஒரு ஆச்சி சொன்னாள், "நீ நல்லவதான் தாயி. ஒன் பெட்டி யாரு கண்டா?" என் மடியில் இருந்த டேப்லெட்டைத்தான் சொன்னாள்.

மானத்துக்காகச் சொன்ன பொய், பயத்துக்காகச் சொல்கிற பொய். புள்ளியியல் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறவளுக்கு வித்தியாசம் குரலிலேயே தெரியும்.

என் பங்குக்கு நானும் யோக்கியமில்லை. தேசியக் கணக்கெடுப்பில் 405 பொருட்கள். எங்கள் பட்டியலும் கிட்டத்தட்ட அதே நீளம். மஞ்சள், மிளகு, பெருங்காயம் என்று ஒவ்வொன்றாக "வாங்குனீங்களா, எத்தனை கிராம், எத்தனை ரூவா" என்று கேட்டுக்கொண்டே போகும்போது எதிரே இருப்பவரின் முகம் மெல்லச் செத்துப்போகும். அவருக்குச் சுற்ற வேண்டிய பீடி பாக்கி, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரம். சில வீடுகளில் மசாலாப் பகுதியை நான் கேட்கவே இல்லை. முந்தைய வீட்டில் எழுதியதைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துத் தட்டிவிட்டேன். டேப்லெட் எந்த எச்சரிக்கையும் காட்டவில்லை. பொய் எப்போதும் வரம்புக்குள்தான் இருக்கும்.

கேள்வியில் எத்தனை நாளைக் கேட்கிறோம் என்பதிலேயே எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. பல காலமாக "கடந்த 30 நாள்" என்றுதான் கேட்டுவந்தார்கள். தொண்ணூறுகளில் சோதனையாகப் பாதி வீடுகளில் "கடந்த 7 நாள்" என்று சாப்பாட்டுக்கு மட்டும் மாற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரத்துக்குள் நடந்தது எல்லோருக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆகவே செலவு கூடி வந்தது. அந்தக் கேள்வியை வைத்துக் கணக்கிட்டால் நாட்டின் ஏழைகள் ஏறத்தாழப் பாதியாகிவிடுவார்கள். ஒருவர்கூட ஒரு கவளம் அதிகம் சாப்பிடாமல்! 1999-2000இல் ஒரே வீட்டில் இரண்டு கேள்வியையும் பக்கத்துப் பக்கத்தில் கேட்டார்கள். பதில்கள் ஒன்றை ஒன்று பார்த்துத் திருத்திக்கொண்டதில் அந்த வருஷத்து எண்ணை முந்தைய எண்களோடு ஒப்பிட முடியாமல் போய்ப் பெரிய சண்டை. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ஆங்கஸ் டீட்டன் அந்தச் சண்டைக்குள் இறங்கி எழுதியவர். பொருளாதாரத்தில் இவ்வளவு பெரிய மூளைகள் "போன வாரமா, போன மாசமா" என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அக்காவின் "எந்த முப்பது நாளு" ஞாபகம் வந்தது.

செப்டம்பரில் அதே வீட்டுக்கு இரண்டாம் தடவை போனேன். சாரல் நின்றுவிட்டது. ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகளில் பாதி பிரித்துக்கொண்டு போய்விட்டன. உள்ளே அவர் வீட்டுக்காரர் காலை நீட்டிப் படுத்திருந்தார். போன வருஷம் சீசன் கடைசியில் பாறையில் வழுக்கித் தொடை எலும்பு முறிந்தது என்றார் அக்கா. அதற்குப் பிறகும் போன மாதம்வரை நொண்டிக்கொண்டே வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது மறுபடி வலி.

"ஆஸ்பத்திரிச் செலவு, கடந்த 365 நாள்ல?"

அக்கா உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்தார். தேதி கிடையாது. பெயர்கள்தான். சித்தி 20, லாட்ஜ் அண்ணாச்சி 15, குழுக்கடன் 50, நகை என்று ஒரு வரி, அதற்கு நேரே 60. அப்படியே போய் மொத்தம் 1,92,000 ரூபாய். தனியார் ஆஸ்பத்திரி. காப்பீட்டு அட்டை இருந்தது. அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இல்லை என்பது ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரிந்திருக்கிறது.

நான் 1,92,000 என்று தட்டினேன். டேப்லெட்டில் சிவப்பு எழுத்து வந்தது. வழக்கத்துக்கு மாறான மதிப்பு, சரிபார்க்கவும். அன்று சாயங்காலம் மேற்பார்வை பார்க்கும் சார் போன் பண்ணினார். "ஒரு சைபர் கூடிட்டான்னு பாரும்மா." அவர் வேலை அது, தப்பில்லை. மறுநாள் திரும்பப் போனேன்.

அக்காவுக்கு விஷயம் புரிந்ததும் முகம் மாறியது. "அப்ப அத எழுதாதீய. பத்தொம்பதாயிரம்னே போடுங்க. ரெண்டு லெச்சம் செலவு பண்ணுனவளுக்கு எதுக்கு மாசம் ஆயிரம்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

நான் 1,92,000 என்றே உறுதி செய்தேன். அது உண்மை. அன்று ராத்திரி ஒரு தாளில் அந்த வீட்டின் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். ஐந்து பேர். ஆஸ்பத்திரியை விட்டுவிட்டால் மாதச் செலவு சுமார் 14,000. தலைக்கு 2,800. அரசு வெளியிட்ட 2022-23 கணக்கில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் சராசரி தலைக்கு 5,310 ரூபாய். அதில் கிட்டத்தட்டப் பாதி. இப்போது ஆஸ்பத்திரியைச் சேர்க்கவேண்டும். 1,92,000ஐப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 16,000. ஐந்து பேருக்குத் தலைக்கு 3,200. கூட்டினால் 6,000.

அக்கா வீடு சராசரியைத் தாண்டிவிட்டது. தாலிக்கொடியை அடகு வைத்த அந்த வருஷத்தில்தான் அந்த வீடு தெருவிலேயே வசதியான வீடு.

செலவை வைத்து வறுமையை அளப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. வருமானத்தைக் கேட்டால் யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் எண்ணெய் தேய்க்கிறவருக்கு மாத வருமானம் என்று என்ன சொல்வது? செலவு அவ்வளவு ஏறி இறங்காது என்பது எண்ணம். ஆனால் செலவு என்ற ஒரே தட்டில் மீனும் விழுகிறது, எலும்பு முறிவும் விழுகிறது. பொருளியலாளர்களுக்கு இது தெரியாததல்ல. மருத்துவச் செலவைக் கழித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ரேஷனில் இலவசமாக வரும் அரிசிக்கு விலை போட்டுச் சேர்த்துத் தனியாகவும் ஒரு எண்ணை 2022-23இல் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு 5,310 என்பது 5,457 ஆனது. ஆனால் இலவச மருத்துவத்துக்கும் படிப்புக்கும் அப்படி விலை போடவில்லை. ஆக, அக்காவின் வீட்டுக்காரரைத் தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கணக்கில் அந்த வீடு ஏழையாகவே நின்றிருக்கும். நிஜத்தில் கொஞ்சம் தப்பித்திருக்கும். (அந்த 147 ரூபாயிலும் எவ்வளவு அரிசி உண்மையில் உலைக்குப் போகிறது, எவ்வளவு புளியரை தாண்டிக் கேரளாவுக்குப் போகிறது என்பது தனிக்கதை.)

இதை வைத்துக்கொண்டு கணக்கெடுப்பே வீண் என்று பேசுகிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு வீட்டைத் தீர்மானிக்கவல்ல இந்த எண்கள். தேசியக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு வீடும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் சார்பில் பேசுகிறது. அதில் எலும்பு முறிந்த வீடும் இருக்கும், முறியாத வீடும் இருக்கும். தப்புகள் ஒரே பக்கம் சாயாதவரை மொத்தத்தில் ஓர் உருவம் கிடைக்கும். மங்கலாக இருந்தாலும் அது நம் உருவம். அதுவும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்துவிட்டோம்.

2017-18இல் எடுத்த நுகர்வுக் கணக்கெடுப்பின் முடிவு வெளிவரவே இல்லை. கிராமமும் நகரமும் சேர்த்துத் தலைக்கு மாதச் செலவு, விலைவாசியைக் கழித்துப் பார்த்தால், 2011-12இல் 1,501 ரூபாயாக இருந்தது 1,446 ஆகக் குறைந்திருக்கிறது என்று பிசினஸ் ஸ்டாண்டர்ட் செய்தி போட்டது. பல பத்து வருஷங்களில் இப்படி ஒரு சரிவு பதிவானதில்லை. 2019 நவம்பர் 15 அன்று, தரவின் தரம் சரியில்லை, முடிவை வெளியிடப்போவதில்லை என்று அமைச்சகம் அறிவித்தது. அதே வருஷம் ஜனவரியில்தான் வேலையின்மைக் கணக்கு தாமதமானதை ஒட்டித் தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனன் ராஜினாமா செய்திருந்தார். தரம் உண்மையிலேயே மோசமாக இருந்திருக்கலாம். மசாலாப் பகுதியில் நான் செய்ததை இன்னொருவரும் செய்திருப்பார். அப்படியானால் அதையும் சொல்லி, எண்ணையும் போட்டு, சண்டை போட விட்டிருக்கவேண்டும். 1999-2000இல் அப்படித்தான் நடந்தது. அந்தச் சண்டையில் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். மறைத்து வைத்த எண்ணிலிருந்து யாரும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. 2011-12க்கும் 2022-23க்கும் நடுவே பதினோரு வருஷம். பணமதிப்பிழப்பும் கொரோனாவும் அந்த இடைவெளிக்குள்தான் வந்து போயின.

அந்த அறிவிப்பு வந்த சரியாக ஏழாம் நாள், நவம்பர் 22 அன்று, தென்காசி தனி மாவட்டமானது. ஊரில் வெடி போட்டோம். நானும் போய் நின்றேன். ஆனால் கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011. அப்போது நாங்கள் திருநெல்வேலி. 2021இல் நடந்திருக்கவேண்டியது நடக்கவில்லை. அடுத்ததற்கான தேதி 2027 மார்ச் 1. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று 2017 மார்ச்சில் இருந்த மாவட்டங்களை வைத்து எடுக்கப்பட்டது. அதிலும் நாங்கள் திருநெல்வேலி. அதை வைத்துத்தான் தமிழ்நாட்டில் பல பரிமாண வறுமை 2.20 சதவீதம் என்று நிதி ஆயோக் சொன்னது. அதில் தென்காசி என்று ஒரு வரி கிடையாது. வறுமைக்கோடும் அதே மாதிரிதான். 2011-12க்கு டெண்டுல்கர் குழு முறையில் போட்ட கோடு, தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு மாதம் 880 ரூபாய். 2014இல் ரங்கராஜன் குழு வேறு கோடு சொன்னது, அதை அரசு ஏற்றுக்கொள்ளவில்லை. அதன்பிறகு கோடே இல்லை. கோடு இல்லாத நாட்டில், வரி இல்லாத மாவட்டத்தில், அக்காவின் நாற்பது பக்க நோட்டு.

2025 ஜனவரியிலிருந்து மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்து மாதிரி எடுக்கும்படி தேசியக் கணக்கெடுப்பை மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கேள்வி கேட்கப் போகிறவளுக்குப் போதுமான நாளும் சம்பளமும் இருக்குமா, 405 பொருளைக் கேட்கும் பொறுமை இருக்குமா என்பதையும் யாராவது யோசிக்கவேண்டும். தரவு என்று சொல்லும்போது எல்லோரும் டேப்லெட்டைப் பார்க்கிறார்கள். நான் திண்ணையைப் பார்க்கிறேன்.

மூன்றாம் தடவை அக்டோபரில் போனேன். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் பழைய அரசு இலவசம். விலை பூஜ்யம். அக்கா இப்போது என்னை "நீ" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். "எங்க வீட்டுக் கணக்கு என்ன வந்துச்சுட்டி? நாங்க எந்த எடத்துல இருக்கோம்?" என்று கேட்டார். தனித்தனி வீட்டுக்கு அப்படி இடம் வராது, எல்லாரையும் சேர்த்துத்தான் வரும் என்று விளக்கினேன். என் தாளில் போட்டுப் பார்த்த ஆறாயிரத்தைச் சொல்லவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருபத்தைந்து பீடியை எண்ணிப் பார்க்காமல் கைப்பிடி அளவிலேயே எடுத்து நூல் சுற்றினார். எனக்காக ஒரு கட்டை எண்ணிக் காட்டினார். சரியாக இருபத்தைந்து.

ஒப்பந்தம் முடிந்து டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த பங்குனியில் ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது, எந்த வினாத்தாளும் இல்லாமல், அந்த வீட்டுக்குப் போனேன். கதவில் பூட்டு. கணக்கெடுப்பாக இருந்தால் 'பூட்டியுள்ளது' என்பதைத் தட்டிவிட்டு, பட்டியலில் உள்ள மாற்று வீட்டுக்குப் போயிருப்பேன். பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வேலைக்குக் குடும்பத்தோடு போயிட்டாவ, எப்ப வருவாவன்னு தெரியாது என்றாள். அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கு என்று கேட்டேன்.

அவள் கீரையிலிருந்து நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீ அந்தக் கணக்குப் பிள்ளதான? எதுக்குத் தேடுத? ஆயிரம் ரூவா விசயமா?"